பொய்த் தள்ளுபடி

போன வாரம் உங்களில் இரண்டு பேர் வில்லியனூரில் என் வீட்டுக்கு வந்தீர்கள். கூடத்துச் சுவரில், நான் ஓய்வு பெற்ற அன்று நீங்களெல்லாம் சேர்ந்து சட்டம் போட்டுக் கொடுத்த அந்தப் புள்ளி வரைபடம் மாட்டியிருந்தது. அதன் கண்ணாடியில், வலது ஓரத்தில், ஒரு சிவப்பு ஸ்டிக்கர் பொட்டு ஒட்டியிருந்ததை உங்களில் ஒருவர் பார்த்துவிட்டார். "முகம் கழுவும்போது ஒட்டி வெச்சுட்டு மறந்துட்டீங்க போல மேடம்" என்று நகத்தால் சுரண்டப் போனார். நான் போட்ட சத்தத்தில் அவர் கையிலிருந்த முறுக்கு கீழே விழுந்தது. அவரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். முறுக்குக்காக மட்டும்.

அந்தப் பொட்டு இருக்கும் இடத்தைப் பற்றி என் வழியனுப்பு விழாவிலேயே சொல்லியிருக்க வேண்டும். ஆனால் நம் ஆய்வுக்கூடத் தலைவர் என்னைப் பற்றி நாற்பது நிமிடம் பேசினார். அதில் முப்பத்தைந்து நிமிடம் அவரைப் பற்றி. பிறகு பிரியாணி வந்துவிட்டது. பிரியாணிக்கு முன்னால் யார் பேசினாலும் எடுபடாது என்பதற்கு நம் துறையின் ஆட்டக் கோட்பாடு தேவையில்லை. அதனால் இப்போது எழுதுகிறேன்.

உங்களில் பாதிப் பேருக்கு நம் ஆய்வுக்கூடம் முன்பு தவளக்குப்பம் சந்திப்பில், ஒரு புரோட்டாக் கடை மாடியில் இருந்தது தெரியாது. கீழே கொத்து புரோட்டா கொத்தும் சத்தம், மேலே நாங்கள் பொருளாதாரத்தையும் கணினிக் கற்றலையும் சேர்த்துக் கொத்திக்கொண்டிருந்தோம். அப்போது எங்களுக்கு ஒரு பெரிய திட்டம் கிடைத்தது. பாகூர், வில்லியனூர் பக்கத்துக் கிராமங்களில் சம்பா அறுவடையின்போது அறுப்பு மெஷின் யார் வயலுக்கு எப்போது போக வேண்டும் என்று கணினியே வரிசை போடும்.

அதுவரை அந்த வேலையைச் செய்தவர் தணிகாசலம் என்ற புரோக்கர். ஒரு போன், ஒரு நோட்டு, காதில் ஒரு பென்சில். அவரை நல்லவர் என்று சொல்ல வரவில்லை. முதல் மெஷின் மச்சான் வயலுக்கு, இரண்டாவது பிராந்தி வாங்கிக் கொடுத்தவர் வயலுக்கு. மற்றவர்கள் ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். அந்த அநியாயத்தை ஒழிக்கத்தான் நாங்கள் புறப்பட்டோம். உண்மையிலேயே நம்பித்தான் புறப்பட்டோம். அதையும் சொல்லிவிட வேண்டும்.

எங்கள் முறை எளிது. உங்கள் வயல் இன்னும் எத்தனை நாளில் அறுப்புக்குத் தயாராகும் என்று விவசாயி போனில் அழுத்த வேண்டும். இன்றே என்றால் பூஜ்யம், ஆறு நாள் என்றால் ஆறு. அதை வைத்துக் கணினி வரிசை போடும். பொய் சொன்னால் யாருக்கும் லாபம் வராது என்று தலைவர் பதினோரு பக்கத்தில் நிரூபித்திருந்தார். நிரூபணத்தில் தப்பு இல்லை. அதன் சாரத்தை எடுத்து, "உண்மையைச் சொல்வதே உங்களுக்கு நல்லது" என்று மஞ்சள் தாளில் நோட்டீஸ் அடித்து ஊர் ஊராகக் கொடுத்தோம். ஒரு கூட்டத்தில் பின்வரிசையிலிருந்து ஒருவர், "நல்லதுன்னு இவங்களே நோட்டீஸ் அடிச்சி குடுக்கறாங்கன்னா, இதுல இன்னாமோ கீதுடா" என்றார். கூட்டம் முழுக்கத் தலையாட்டியது. அன்றே எங்கள் தேற்றம் முடிந்துபோயிற்று. எங்களுக்குத்தான் தெரியவில்லை.

முதல் பருவத்தில் நாங்கள் வரிசை போடவில்லை. சும்மா கேட்டுக் குறித்துக்கொண்டோம். கூடவே வயல் வயலாகப் போய், நெல்மணியை நசுக்கிப் பார்த்து, நிஜமாகவே எப்போது தயாராகிறது என்பதையும் குறித்தோம். வரிசைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று தொண்டை வற்றச் சொன்னோம். நம்பினால்தானே! போனை நீட்டிக்கொண்டு யார் கேட்டாலும் "இன்னிக்கே" என்றோ, மிஞ்சினால் இரண்டு மூன்று நாள் என்றோதான் பதில் வந்தது. போய்ப் பார்த்தால் கதிர் பாதி பச்சையாக நிற்கும்.

சொன்ன நாளையும் நிஜ நாளையும் வரைபடத்தில் போட்டோம். அடடா, என்ன அழகு! எல்லாப் புள்ளிகளும் ஒரே கோட்டை ஒட்டி வரிசையாக நின்றன. இன்று என்பவருக்கு நிஜத்தில் இன்னும் நான்கு நாள். நாளை என்பவருக்கு ஐந்து. ஊரே பேசி வைத்துக்கொண்டு ஒரே அளவில் பொய் சொன்ன மாதிரி இருந்தது. அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. பொய்யைத் தடுப்பானேன்? அளந்து கழித்துவிட்டால் போதாதா? யார் என்ன சொன்னாலும் மாடல் அதோடு நான்கு நாளைக் கூட்டிக்கொள்ளும். அதற்கு நான் வைத்த பெயர் பொய்த் தள்ளுபடி. ஆடித் தள்ளுபடி மாதிரி எல்லோருக்கும் ஒரே ரேட். தலைவர் மேசையைத் தட்டிப் பாராட்டினார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

வரைபடத்தில் ஒரே ஒரு புள்ளி மட்டும் கோட்டில் ஒட்டாமல், கூட்டத்தை விட்டுத் தள்ளி, அதற்குக் கீழே வலது ஓரத்தில் கிடந்தது. ஆறு நாள் என்று சொல்லி, சரியாக ஆறாம் நாள் தயாரான வயல். பெயர் அஞ்சலை, பாகூர் பக்கம், ஒரு காணி குத்தகை நிலம். பட்டனைத் தப்பாக அழுத்தியிருப்பார் என்று நினைத்தேன். தரவில் பிழை என்று எழுதி அந்த வரியை அழித்தேன். அழித்த கை இந்தக் கைதான். அரை நிமிட வேலை. கோடு இன்னும் நேராக வந்தது.

தலைவரின் நிரூபணம் ஒரு கோப்பில். என் தள்ளுபடி இன்னொரு கோப்பில். உண்மை சொன்னால் நல்லது என்ற வாக்குறுதியின் கழுத்திலேயே நான் ஒரு கத்தியை வைத்திருக்கிறேன் என்பது, இரண்டையும் ஒன்றாக வைத்துப் படித்தால் பள்ளிக்கூடப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். நாங்கள் எல்லோரும் பெரிய படிப்பு படித்தவர்கள். அவரவர் கோப்பை அவரவர் படித்தோம்.

இரண்டாம் பருவத்தில் வரிசையை நிஜமாகவே கணினி போட்டது. பிரமாதமாகப் போனது. வழக்கம்போல எல்லோரும் "இன்னிக்கே" என்றார்கள், நாங்கள் நான்கு நாள் தள்ளிப் போனோம், கதிர் பதமாக இருந்தது. புளுகியவர்களுக்கெல்லாம் நல்ல சேவை நடந்தது. திட்டத்துக்குப் பணம் கொடுத்த வெளிநாட்டுக்காரர்கள் வந்து பார்க்க நாள் குறித்தாயிற்று.

அவர்கள் வருவதற்கு நான்கு நாள் முன்பு, காலை பத்து மணி வாக்கில், மாடிப்படி ஏறி ஓர் அம்மா வந்தார். ஐம்பது வயது இருக்கும். கையில் ஈரத்துணியில் சுற்றிய ஒரு பிடி நெற்கதிர். பெயர் கேட்டேன். அஞ்சலை என்றார். எனக்கு உடனே நினைவுக்கு வரவில்லை.

"இன்னா மேடம், இன்னிக்கின்னு அமுக்கினா நாலு நாளு பொறுக்க சொல்லுது உங்க போனு. இத பாருங்க."

துணியைப் பிரித்து, கதிரை என் மேசைக்கு மேலே பிடித்து ஒரே ஒரு உதறு உதறினார். நெல்மணிகள் பொலபொலவென்று என் கீபோர்டில் கொட்டின.

"இது நாலு நாளு நிக்குமா? நாளான்னிக்கு மழைன்னு டிவில சொல்றான். என்துது பள்ளத்துல கீற நெலம். சாஞ்சிச்சின்னா தண்ணியிலயே கெடந்து மொளச்சிடும். வூட்டுக்கு வருஷ சாப்பாட்டு நெல்லே அதான் மேடம்."

கணினியில் பார்த்தேன். இன்று என்று அஞ்சலை சொன்னதை நான்கு நாள் என்று படித்து, மாடல் அவரைக் கடைசியில் வைத்திருந்தது. மெஷின் அப்போது அவர் வயலுக்குப் பக்கத்திலேயே ஓடிக்கொண்டிருந்தது. பிற்பகல் மூன்று மணிக்கு அதை லாரியில் ஏற்றி உறுவையாறுக்குக் கொண்டுபோவதாக ஏற்பாடு. அங்கே மூன்று நாள் வேலை. மூன்று மணிக்குள் நான் டிரைவருக்கு ஒரு போன் போட்டால் அஞ்சலையின் ஒரு காணி முடிந்துவிடும். ஒரே ஒரு போன். என் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது.

போன் போட்டேன். டிரைவருக்கு இல்லை, தலைவருக்கு.

"கை வெச்சீங்கன்னா சோதனையே போச்சு" என்றார் அவர். "இன்னிக்கு ஒருத்தங்க வந்து அழுதாங்கன்னு மாத்தினா, நாளைக்கு ஊரே படியேறி வந்து அழும். அழறதும் ஒரு வியூகம்தான் மேடம். உங்களுக்குத் தெரியாததா?"

"அவங்க அழல சார்" என்றேன்.

"இன்னும் அழலன்னு சொல்லுங்க."

அவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. மாடியேறி வருபவருக்கெல்லாம் வரிசை மாறினால் தணிகாசலத்துக்கும் எங்களுக்கும் என்ன வித்தியாசம்? ஆனால் கீபோர்டில் நெல் கிடந்தது. அதைத் துடைக்காமல் தட்டவும் முடியவில்லை. இந்த மாதிரி இக்கட்டில் நம்மைப் போன்றவர்கள் என்ன செய்வோம்? பஸ் ஏறி அரை மணி நேரத்தில் வயலைப் போய்ப் பார்த்திருக்கலாம். எதிரில் நிற்கிற அம்மாவிடம் இரண்டு கேள்வி கேட்டிருக்கலாம். நான் என்ன செய்தேன் தெரியுமா? வரிசையில் கை வைத்தால் மொத்த நலன் கூடுமா குறையுமா என்று பார்க்க, கணினிக்குள் ஆயிரம் கற்பனை விவசாயிகளை உருவாக்கி ஓட விட்டேன்.

அஞ்சலை பெஞ்சில் உட்கார்ந்து பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். திரையில் எண்கள் ஓடின.

"இன்னா மேடம் பாக்கறீங்க?"

"ஆயிரம் விவசாயிங்கள வெச்சு ஓட்டிப் பாக்கறேம்மா. உங்களுக்கு மொதல்ல குடுத்தா மத்தவங்க எப்படி நடந்துப்பாங்கன்னு."

"ஆயிரம் பேரா? எந்த ஊரு அவங்கல்லாம்?"

"எந்த ஊரும் இல்ல. கம்ப்யூட்டருக்குள்ளதான் இருக்காங்க."

திரையை எட்டிப் பார்த்தார். "அவங்களுக்கும் நெல்லு கொட்டுதா மேடம்?"

எனக்குக் கோபம்தான் வந்தது, ஒரு முக்கியமான வேலையின் நடுவில் குறுக்கே பேசுகிறாரே என்று. ஒரு மணிக்கு, "நான் போய் அருவா எடுத்துக்கினு எறங்கறேன். எதுனா ஆச்சின்னா போன் போடுங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அந்தத் துணியை மடித்து எடுத்துக்கொண்டார். கதிரை மேசையிலேயே விட்டுவிட்டார்.

கற்பனை விவசாயிகள் நாலே காலுக்குத் தீர்ப்பு சொன்னார்கள். தலையிட்டால் மொத்த நலன் சற்றே கூடும். சற்றே! பாய்ந்து டிரைவருக்குப் போன் போட்டேன்.

"கரிக்கலாம்பாக்கம் தாண்டிட்டேன் மேடம். லாரில ஏத்தனத ரோட்டுல எப்டி எறக்கறது? அந்தம்மா வயலுக்கு பக்கத்துலதான் மத்தியானம் வரைக்கும் இருந்தேன். ஒரு வார்த்த சொல்லக்கூடாதா?"

வெட்கத்தை விட்டுத் தணிகாசலத்தைக் கூப்பிட்டேன். வேறு மெஷின் கிடைக்குமா என்று கேட்டேன். எல்லா மெஷினையும் எங்கள் திட்டமே வளைத்துப் போட்டிருந்தது. அவர் சிரிக்காமல் பேசியதுதான் எனக்கு அதிகம் வலித்தது.

"அஞ்சலைக்கா மேடம்? அது இன்னிக்கின்னு சொல்லிச்சின்னா இன்னிக்கிதான். மத்தவன் இன்னிக்கின்னா அடுத்த வாரம். என் நோட்டுலயே அதுக்கு தனி பக்கம். இதகூடவா உங்க கம்ப்யூட்டர்ல எழுதி வெக்கல?"

எழுதித்தான் வைத்திருந்தோம். நான்தான் அழித்துவிட்டேன். அந்தப் பெயரை எங்கே பார்த்தேன் என்பது அப்போதுதான் உறைத்தது. கீழே போய் ஒரு டீ குடித்தேன்.

டிவி சொன்னதைவிட ஒரு நாள் முன்னதாகவே மழை வந்தது. அஞ்சலையும் இன்னும் இரண்டு பெண்களும் அரிவாளால் அறுத்தது கால் காணிதான். மிச்சம் அப்படியே சாய்ந்தது.

மழை விட்ட மறுநாள் பஸ் ஏறிப் போனேன். மூன்று நாள் முன்பு ஏறியிருக்க வேண்டிய பஸ். சாய்ந்த கதிரில் நெல் வெள்ளையாக முளை விடத் தொடங்கியிருந்தது. அதன் நடுவில் முழங்கால் சேற்றில் நின்று, தேறுகிற கதிரைத் தனியாகப் பிரித்துக்கொண்டிருந்தார். என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்துப் போனேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "வாங்க மேடம், செருப்ப கழட்டிட்டு வாங்க, வழுக்கும்" என்றார்.

ஊரே இன்று என்றபோது போன வருடம் நீங்கள் மட்டும் ஏன் ஆறு என்று சொன்னீர்கள் என்று கேட்டேன்.

"அய்யே, நான் இன்னா அரிச்சந்திர வம்சமா? பச்சையா அறுத்தா காய வெக்க களம் வேணும். இல்லன்னா ரோட்டோரமா வூடு இருக்கணும், தார் ரோட்டுல கொட்டி எடம் புடிக்க ஆளு இருக்கணும். எனக்கு எது கீது? மெஷினு சீக்கிரம் வந்தாலும் நஷ்டம், லேட்டா வந்தாலும் நஷ்டம். அதான் உள்ளத சொன்னேன்."

பதினோரு பக்க நிரூபணத்தில் களம் என்ற சொல் ஓர் இடத்திலும் இல்லை. பொய் சொல்லக்கூட வசதி வேண்டும் என்பது எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

"உங்க கணக்க போன வருஷம் நான்தான் அழிச்சேன்" என்று சொல்லிவிட்டேன். "தப்பா அமுக்கிட்டீங்கன்னு நெனச்சேன்."

கையிலிருந்த கதிரை அப்படியே பிடித்தபடி என்னைப் பார்த்தார். "உள்ளத சொன்னா தப்பா அமுக்கிட்டாங்கன்னுதான் நெனப்பீங்களா?" என்று கேட்டார். குத்திக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். நான் அந்த வரப்பில் நின்று அழுதேன். அதையும் வியூகம் என்று தலைவர் சொல்லியிருப்பார்.

பணம் கொடுத்தவர்கள் குறித்த நாளில் வந்தார்கள். நம் முறையால் சராசரி இழப்பு குறைந்திருந்தது. நிஜமாகவே குறைந்திருந்தது. அஞ்சலையின் முக்கால் காணியைச் சராசரி விழுங்கி ஏப்பம் விட்டிருந்தது. நான் அழித்த புள்ளியைத் திரும்பப் போட்டு வரைபடத்தைக் காட்டினேன். வந்தவர்களில் ஒருவர் அதைச் சுட்டி, "இது பதிவுப் பிழையா?" என்று கேட்டார். "பிழை இல்லை, அஞ்சலை" என்றேன். மொழிபெயர்த்தவர் அதை ஏதோ ஒரு நெல் ரகம் என்று நினைத்துக்கொண்டார். எல்லோரும் குறித்துக்கொண்டார்கள்.

ஆளுக்கு ஆள் தனித் தள்ளுபடி வைக்கலாம் என்று எழுதிக் கொடுத்தேன். தரவு போதாது என்று பதில் வந்தது, இன்றுவரை எல்லோருக்கும் அதே நான்கு நாள்தான். கட்டுரை வெளிவந்தபோது படத்தில் அந்தப் புள்ளி இல்லை. பார்வைக்கு உறுத்துகிறதாம். என் பெயர் இரண்டாவதாக இருந்தது. முதலாவதாகப் போட வேண்டும் என்று ஒரு மாதம் சண்டை பிடித்தேன். புள்ளிக்காக ஒரு நாள்கூடச் சண்டை பிடிக்கவில்லை. என்னை நீங்கள் விழாவில் கறாரானவர் என்று புகழ்ந்தீர்களே, என் கறார் அவ்வளவுதான். அந்தப் படத்தைத்தான் சட்டம் போட்டுக் கொடுத்தீர்கள். வீட்டுக்கு வந்ததும் என் நெற்றிப் பொட்டை எடுத்து அந்த இடத்தில் ஒட்டினேன்.

உங்களுக்கு அறிவுரை என்று ஒன்று சொல்லித்தான் ஆக வேண்டுமென்றால் இதுதான். கோட்டில் ஒட்டாத புள்ளியைப் பார்த்தால், அழிக்கும் முன்னால் பஸ் ஏறுங்கள். தவளக்குப்பத்திலிருந்து பாகூருக்கு அடிக்கடி பஸ் உண்டு. பெரிய செலவும் இல்லை.

சொல்லிவிட்டேனே தவிர, இது யாருக்கும் பயன்படும் என்ற நம்பிக்கை எனக்கு இப்போது இல்லை. காரணம் இந்த வருடத் தேர். நீங்கள் வருவதற்குச் சில நாள் முன்னால், வில்லியனூர் தேர் பார்க்க வந்த அஞ்சலை வழி விசாரித்துக்கொண்டு என் வீட்டுக்கே வந்துவிட்டார். ஒரு பை புது அரிசி கொண்டுவந்திருந்தார். அவர் வயல் அரிசி. கூடத்துப் படத்தைப் பார்த்தார்.

"இன்னா மேடம் இது, சாமி படமா? பொட்டு வெச்சிக்கீறீங்க?"

விளக்கினேன். இந்தக் கூட்டமெல்லாம் ஊர்க்காரர்கள். இந்தப் பொட்டு நீங்கள்.

"அடேயப்பா, நான் மட்டும் ஒத்தையிலயா நிக்கறேன்!" என்று வாயில் கை வைத்துக்கொண்டார். பிறகு, "இந்த வருஷத்துக்கு இதே மாதிரி போட்டா நான் எங்க இருப்பேன்?" என்றார்.

"இந்த வருஷம் என்ன அமுக்கினீங்க?"

"நாலு நாளு இருக்கும்போதே இன்னிக்கின்னு அமுக்கிட்டேன். கரெக்டா அஞ்சாம் நாளு காலையில மெஷினு வந்து நின்னிச்சி. ஒரு மணி நெல்லு கொட்டல."

புள்ளிகள் மிகவும் நெருங்கியிருந்த இடத்தில், கோட்டின் மேலேயே, விரலை வைத்துக் காட்டினேன். அவர் கிட்டப் போய்ப் பார்த்தார். முகம் தெளிந்தது.

"அப்பாடா" என்றார். "உங்க கம்ப்யூட்டரு நல்லாதான் மேடம் வேல செய்யுது. நான்தான் அந்த வருஷம் வெவரம் தெரியாம உள்ளத சொல்லி, உங்களயும் கஷ்டப்படுத்திட்டேன். மனசுல வெச்சிக்காதீங்க."

தேர் நிலைக்கு வரும் நேரம் என்று கிளம்பிவிட்டார். அரிசி நன்றாக இருக்கிறது. தினமும் அதைத்தான் சாப்பிடுகிறேன். பொட்டு அங்கேயே இருக்கட்டும், தயவுசெய்து சுரண்டாதீர்கள்.